பெங்களூரில் ஆறு நண்பர்கள், ஒரே மேசை: சைவர்களுக்கும் ஒத்துவரும் இடம் எது?

கேள்வி: அல்சூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் ஒரே கல்லூரியில் படித்த நாங்கள் ஆறு பேர் இப்போது வேலை நிமித்தமாகப் பெங்களூரின் வெவ்வேறு மூலைகளில் இருக்கிறோம். மாதத்தில் ஒரு சனி அல்லது ஞாயிற்றுக்கிழமை வெளியே சேர்ந்து சாப்பிடுவது நான்கு ஆண்டுகளாக விடாமல் நடந்துவருகிறது. எங்களில் மூவர் அசைவம் உண்பவர்கள். என்னையும் சேர்த்து இருவர் சைவம். ஆறாவது தோழி, ஜைனக் குடும்பத்தில் மணமான பிறகு, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதையும் தொடுவதில்லை.

இதுவரை பெரும்பாலும் கோரமங்களா, இந்திராநகர்ப் பக்கம் பியர் விற்கும் பெரிய உணவகங்களுக்கே போயிருக்கிறோம். அங்கே சைவப் பட்டியல் என்பது பனீர் டிக்காவில் தொடங்கி, கோபி மஞ்சூரியனைச் சுற்றிவிட்டு, மீண்டும் வேறு பெயரில் பனீரிலேயே வந்து முடிகிறது. சென்ற மாதம் அந்தத் தோழி ஓர் எலுமிச்சை சோடாவும் இரண்டு சுட்ட அப்பளமும் மட்டுமே சாப்பிட்டாள். ஆனால் கணக்கு வந்தபோது வழக்கம்போல ஆறாகப் பிரித்தோம். மற்றவர்களின் பிரியாணிக்கும் பியருக்கும் சேர்த்து அவளும் கொடுத்தாள். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள் என்றாலும், அடுத்த சந்திப்புக்கு வர இயலாது என்று மறுநாளே செய்தி அனுப்பிவிட்டாள்.

எனவே கேட்கிறேன்: அசைவ நண்பர்களும் விட்டுக்கொடுத்து வருவதாக எண்ணாமல் விரும்பி வரக்கூடிய, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசக்கூடிய, ஒயிட்ஃபீல்டிலிருந்து வருபவரும் ஜெயநகரில் இருப்பவரும் எளிதாக வந்து சேரக்கூடிய சைவ உணவகம் எது? தலைக்கு 400 ரூபாய்க்குள் முடிந்தால் நல்லது. தயவுசெய்து எந்த வணிக வளாகத்தையும் சொல்லாதீர்கள்.

மறுமொழி 1: பசவனகுடி மூன்றாம் தலைமுறை

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் கட்டிவிட்டதால்தான் விடை கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். இந்த ஊரில் சைவச் சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருக்கும் பழைய கடைகளில் நீங்கள் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது. கடைசி விள்ளலை வாயில் வைக்கும்போதே உங்கள் நாற்காலிக்காக ஒருவர் பின்னால் வந்து நின்றிருப்பார். இரண்டு மணி நேரம் உட்கார விடும் இடங்களில் கிடைப்பது நீங்கள் சொன்ன அதே பனீர். ஆகவே சாப்பிடுவதை ஓரிடத்திலும் பேசுவதை வேறோர் இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலையில் எல்லோரும் நேஷனல் காலேஜ் மெட்ரோ நிலையத்துக்கு வந்துவிடுங்கள். ஒயிட்ஃபீல்டு நண்பர் ஊதா வழித்தடத்தில் வந்து மெஜஸ்டிக்கில் பச்சைக்கு மாறினால் போதும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சங்கரபுரத்தில் பிராமின்ஸ் காபி பார் இருக்கிறது. 1965-இல் தொடங்கிய அந்தக் கடையில் இட்லி, வடை, காரா பாத் (கார ரவை உப்புமா), கேசரி பாத் (நம் ரவா கேசரி), காபி, டீ ஆகியவைதாம் பட்டியல். சாம்பார் கிடையாது. சட்னியை எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடைபாதையில் நின்றுதான் சாப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதால்தான் சனிக்கிழமை என்கிறேன்.

இட்லியோடு நிறுத்திக்கொண்டு காந்தி பஜாருக்கு நடந்தால், 1943 முதல் இயங்கும் வித்யார்த்தி பவன் வரும். அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில் வாசலில் காத்திருக்கத்தான் வேண்டும். பரிமாறுபவர் தோசைத் தட்டுகளை முழங்கை வரை அடுக்கிக்கொண்டு வரும் காட்சிக்கே அந்தக் காத்திருப்பு தகும் என்பது என் கட்சி. தோசை நம்மூர் முறுகலைப் போல மெல்லியதன்று. தடிமனாக, வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மிருதுவாகவும் இருக்கும். முதல் வாயில் ஏமாற்றம் அடையாதீர்கள்.

அதன் பிறகு பியூகிள் ராக் பூங்காவின் பாறைகளிலோ, சற்றுத் தள்ளி லால்பாக்கின் மரநிழலிலோ போய் உட்காருங்கள். வேறென்ன வேண்டும் என்று யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

கணக்குச் சிக்கலுக்கும் இதிலேயே வழி உண்டு. 1983-இல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி திறக்கப்பட்டதிலிருந்து ஊர் முழுக்கப் பரவிய தர்ஷினிக் கடைகளில், முதலில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, நீங்களே தட்டை எடுத்துக்கொண்டு, உயரமான மேசையில் நின்று உண்பதுதான் முறை. அவரவர் சீட்டை அவரவர் வாங்கிக்கொண்டால், எவருடைய பியருக்கும் எவரும் கொடுக்க வேண்டியதில்லை. காபியை மட்டும் 'பைடூ' சொல்லி இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் அதைக் கஞ்சத்தனமாக யாரும் நினைப்பதில்லை.

மறுமொழி 2: ஜெயநகர்ப் பாட்டி

மேலே எழுதிய தம்பி நடப்பதையும் நிற்பதையும் மிக எளிதாகச் சொல்லிவிட்டார். எனக்கு முழங்கால் வலி. உங்கள் ஆறு பேரில் ஒருவருக்கு அப்படி இருந்தாலும், அல்லது யாராவது கைக்குழந்தையோடு வந்தாலும், லால்பாக் சாலையில் உள்ள மாவள்ளி டிபன் ரூமுக்குப் போங்கள். பெயரை எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தாலும், முறை வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடலாம். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924-இல் தொடங்கியது, திங்கட்கிழமை மூடியிருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காதபோது ரவையில் இட்லி செய்து பார்த்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. அந்த ரவா இட்லியை நெய்யோடு தருகிறார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது அந்தப் பெண்ணைப் பற்றி. சைவ உணவகம் என்ற பலகை அவளுக்குப் போதாது. பெங்களூர் மசாலா தோசைக்குள் தடவும் சிவப்புச் சட்னியில் பெரும்பாலும் பூண்டு இருக்கும். உள்ளே வைப்பதோ உருளைக்கிழங்கும் வெங்காயமும். ரவா இட்லியோடு வரும் சாகு என்ற காய்கறிக் குழம்பிலும் உருளைக்கிழங்கு உண்டு. தேங்காய்ச் சட்னியில் பச்சை இஞ்சி அரைத்திருந்தால் அதையும் ஜைனர்கள் பலர் ஒதுக்குவார்கள், இஞ்சியும் மண்ணுக்கடியில் விளைவதுதானே. இன்னும் கட்டுப்பாடாக இருப்பவர்கள் இரவெல்லாம் புளிக்க வைத்த மாவையே தொடுவதில்லை. அவர்களுக்கு இட்லி, தோசை இரண்டுமே இல்லை என்றாகிவிடும். ரவா இட்லி மாவை இரவு முழுவதும் புளிக்க வைக்க வேண்டியதில்லை என்பதால், சாகுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதைச் சாப்பிடலாம். கேசரி பாத்தும் உண்டு. அவள் எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கிறாள் என்பதை அவளிடமே கேளுங்கள். நான்கு ஆண்டுகளாகச் சேர்ந்து சாப்பிடுகிறீர்கள், இதுவரை கேட்டதுண்டா?

மறுமொழி 3: காட்பாடி கறிக்கடை

நான் அசைவம் உண்பவன். உங்கள் மூன்று நண்பர்களின் சார்பாகப் பேசுகிறேன். எங்களுக்குச் சலிப்பு சைவத்தின் மேல் அல்ல, கறி இருக்க வேண்டிய இடத்தில் பனீரை வைத்துத் தருவதன் மேல்தான். சைவமாகவே பிறந்த பலகாரத்தைக் கொடுத்தால் நாங்கள் கறியை நினைப்பதே இல்லை. குளிர்காலத்தில் வி.வி. புரம் திண்டி பீதிக்கு, அதாவது அங்குள்ள பலகாரத் தெருவுக்கு, மாலையில் போய்ப் பாருங்கள். அப்பருவத்தில் 'அவரேபேளே' என்று எங்கும் எழுதியிருப்பார்கள். வேறொன்றுமில்லை, நம் பக்கத்தில் பிதுக்குப் பருப்பு என்கிறோமே, தோல் பிதுக்கிய மொச்சை, அதேதான். அதைத் தோசையில் தூவுகிறார்கள், ரொட்டியில் தட்டுகிறார்கள், மிக்சரிலும் போடுகிறார்கள். வேலூர்க்காரர் ஆறு பேரும் அங்கே ஊரைக் கண்டுவிடுவீர்கள்.

சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை. வெல்லம் போட்டிருக்கிறார்கள் என்று கடைக்குக் கடை புலம்புவது நம்மவர் வழக்கம். அது அவர்கள் ஊர்ச் சமையல்; சட்னியை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். 'சௌசௌ பாத்' என்ற பெயரைப் பார்த்து, நாம் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று சொல்லும் காயைத் தேடவும் வேண்டாம். ஒரே தட்டில் ஒரு பக்கம் காரா பாத், மறுபக்கம் கேசரி பாத், அவ்வளவுதான். நான் முதல் முறை காயைத் தேடினேன்.

எப்போதாவது மீண்டும் இந்திராநகர்ப் பக்கம் போக நேர்ந்தால், தாய்லாந்து உணவில் மட்டும் கவனமாக இருங்கள். காய்கறிக் குழம்பு என்று எழுதியிருந்தாலும் அதன் மசாலா விழுதில் இறால் அரைத்ததோ மீன் சாறோ இருக்கக்கூடும். கறித்துண்டு இல்லை என்பதையே சைவம் என்று பரிமாறுபவர் எண்ணிவிடுவதுண்டு.

கேட்டவர்: அல்சூர்வாசி

மூவருக்கும் நன்றி. பாட்டி கேட்ட கேள்வி சுட்டது. நாங்கள் கேட்டதே இல்லை. நேற்றிரவு தொலைபேசியில் கேட்டேன். புளித்த மாவு அவளுக்குப் பரவாயில்லையாம், பச்சை இஞ்சி மட்டும் கூடாதாம். அப்பளம் தின்ற கதையை அவளே எடுத்துச் சொல்லிச் சிரித்தாள். காசைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழரைக்கு நேஷனல் காலேஜ் நிலைய வாசலில் கூடுவதாக முடிவு செய்திருக்கிறோம். ஒயிட்ஃபீல்டுக்காரர் அவ்வளவு காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். வித்யார்த்தி பவன் தோசையின் படம் ஒன்றை அனுப்பியதும் சம்மதித்துவிட்டார். சங்கரபுரத்துச் சட்னியில் இஞ்சி உண்டா என்பதைத் தெரிந்தவர்கள் அதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும். இல்லையென்றால் கடையிலேயே கேட்டுவிட்டு, இட்லிக்கு அவள் வீட்டிலிருந்து பொடி கொண்டுவருகிறாள்.