பவர் பேங்குக்கு 'மின்பொதி', டம்மி பேட்டரிக்கு 'பொய்க்கலம்': என் தரப்பு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பவர் பேங்குக்கும் டம்மி பேட்டரிக்கும் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நான் கேட்டதிலிருந்து நான்கு நாளாக இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. தனித்தனியாகப் பதில் எழுத நேரம் வாய்க்கவில்லை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடல்.

இந்தச் சொல் எனக்கு ஏன் அவசரமாக வேண்டும் என்பதை முதல் மடலில் சொல்ல விட்டுப்போயிற்று. செய்யாறு, வந்தவாசிப் பக்கம் கோடையில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது போய்ப் பதிவு செய்கிறேன். இரவு பத்து மணிக்கு மத்தளம் கட்டினால் விடிகிறவரை ஆட்டம். ஊர்ப் பையன்கள் நாலைந்து பேர் என்னோடு கேமரா பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களுக்காகத் தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுதிவருகிறேன். அதில் 'கரண்டு இல்லாத இடத்தில் கேமரா ஓட்டுவது' என்று ஓர் அதிகாரம். 'பவர் பேங்க்' என்ற சொல் பக்கத்துக்கு ஐந்தாறு தடவை வருகிறது. வேற்றுமை உருபு சேர்க்கும்போதெல்லாம் பவர் பேங்கை, பவர் பேங்கின், பவர் பேங்கிலிருந்து என்று வாக்கியம் தள்ளாடுகிறது.

ஜெனரேட்டர் இருக்குமே, அதில் செருகினால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கும். ஆனால் அது விளக்குக்கும் மைக்குக்கும் போட்டது. அதில் கேமராவைச் செருகினால் ஒலிப்பதிவில் ஓர் உறுமல் ஏறிவிடும். டீசல் ஊற்ற நிறுத்தினால் பதிவும் நிற்கும். கூத்துக்கு இடையில் விளக்கு அணைந்தால் ஊர் பொறுத்துக்கொள்ளும், பாட்டும் நிற்காது. அந்த இரண்டு நிமிடப் பாட்டு எனக்கு வேண்டும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லுக்கு இது உதவும். என் கேமராவின் பேட்டரி 7.2 வோல்ட், ஏறத்தாழ 14 வாட் மணி. தொடர்ந்து பதிந்தால் சுமார் 7 வாட் இழுக்கிறது, ஆக 2 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். 20,000 மில்லியாம்பியர் மணி என்று அச்சிட்ட பவர் பேங்கில் உள்ளே இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் கலங்கள். அப்படியானால் மொத்தம் 74 வாட் மணி. 5 வோல்ட்டுக்கு ஏற்றி, கேமராவுக்காக மறுபடி 8 வோல்ட்டுக்கு ஏற்றும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும். கைக்கு வருவது 60 வாட் மணி என்று வைத்தால்கூட ஒரு முழு இரவு தாங்கும். பேட்டரி மாற்றக் கேமராவைத் திறக்காமல் பத்து மணியிலிருந்து விடியும்வரை ஓட்டலாம் என்பதுதான் இதன் அருமை.

இனி உங்கள் சொற்கள்.

> 'மின் வங்கி' என்றே வைத்துக்கொள்ளலாமே. ரத்த வங்கி, விதை வங்கி என்று நாம் பழகியவர்கள்தானே.

அக்கா, முதல் வரைவில் நானும் இதைத்தான் எழுதியிருந்தேன். ஒரு பக்கம் எழுதிய பிறகுதான் உறுத்தியது. ரத்த வங்கி, கண் வங்கி, விதை வங்கி எல்லாம் நாம் தேடிப் போகிற இடங்கள். பலர் கொடுப்பார்கள், பலர் வாங்கிப்போவார்கள். இந்தப் பொருள் அப்படி இல்லை. ஒருவருடைய தோள்பையில் கிடந்து அவரோடு வயல்வரப்பில் நடந்து வருவது. கரண்டு இருக்கிற வீட்டில் ஏற்றிக்கொண்டு, இல்லாத களத்தில் செலவழிப்பது. 'வங்கி' என்ற சொல்லில் அந்தச் சுமந்து போதல் இல்லை.

> 'திறன் வங்கி' என்பதே துல்லியமான மொழிபெயர்ப்பு.

மொழிபெயர்ப்பு சரி, பொருளுக்குத்தான் பொருந்தவில்லை. நம் பாடநூல்படி 'பவர்' திறன், 'எனர்ஜி' ஆற்றல். இந்தப் பெட்டி சேர்த்துவைப்பது ஆற்றலை. வாட் கணக்கு அல்ல, வாட் மணிக் கணக்கு. ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிற தளர்ச்சியை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. அதோடு 'திறன் மேம்பாடு', 'திறன் பயிற்சி' என்று நாளிதழில் தினமும் படிக்கிறவருக்குத் 'திறன் வங்கி' என்றால் வேலை தேடுவோர் பட்டியல்தான் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதிய 'வலு வங்கி'யும் இப்படித்தான். இலங்கைப் பாடநூலில் 'பவர்' என்பது வலு, அங்கே அது முறையான சொல். ஆனால் பேச்சில் 'வலு கெதியா', 'வலு சந்தோசம்' என்று 'மிக' என்ற பொருளில் அது வேறு வேலையும் பார்க்கிறது. இந்தப் பக்கத்துப் பையன்களுக்கோ அந்த இரண்டு பொருளுமே பழக்கமில்லை.

> சேமக்கலம். அழகான, ஆகிவந்த சொல்.

ஐயா, எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் நான் போகிற ஊர்களில் சேமக்கலம் என்பது கையில் தூக்கிப்பிடித்துத் தட்டுகிற வெண்கலத் தட்டு, சேகண்டி. கோயிலிலும் அடிப்பார்கள், சாவு ஊர்வலத்திலும் அடிப்பார்கள். கூத்துக் களத்தில் நின்று 'சேமக்கலத்தை எடுத்து வா' என்று ஒரு பையனிடம் சொன்னால் அவன் கோயிலுக்குள் ஓடுவான். 'மின்தேக்கி'யும் ஆகாது. மின்சுற்றில் சாலிடர் வைக்கும் கெப்பாசிட்டருக்குப் பள்ளிக்கூடத்திலேயே அந்தப் பெயரைக் கொடுத்தாயிற்று.

> பேட்டரிதானே அது? 'கையடக்க மின்கலம்' போதுமே.

தம்பி, விமானத்தில் ஏறும்போது நீங்கள் சொல்வதுதான் சட்டம். பவர் பேங்கை உதிரி பேட்டரியாகவே எண்ணுகிறார்கள். கைப்பையில்தான் வைக்க வேண்டும், 100 வாட் மணிக்கு மேல் போனால் விமான நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும். கடையில் 27,000 மில்லியாம்பியர் மணி என்ற எண் அடிக்கடி கண்ணில் படுவதற்கும் காரணம் இதுதான். 3.7ஆல் பெருக்கிப் பாருங்கள், 99.9 வரும். ஆனால் மேலோட்டைக் கழற்றினால் உள்ளே கலங்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பலகை இருக்கிறது. ஏறும் மின்சாரத்தை அளந்து வாங்குவது, 3.7ஐ 5 ஆக்கிக் கொடுப்பது, வயர் உரசி ஷார்ட் ஆனால் வெட்டிவிடுவது எல்லாம் அதன் வேலை. கலம் வேறு, கலங்களையும் பலகையையும் சேர்த்துக் கட்டிய மூட்டை வேறு. கேமராவுக்குள் இருப்பதும் மின்கலம், பையில் இருப்பதும் மின்கலம் என்றால் கையேட்டில் 'மின்கலத்திலிருந்து மின்கலத்துக்கு' என்று எழுத வேண்டிவரும்.

மூட்டை என்று எழுதியபோதுதான் 'பொதி' நினைவுக்கு வந்தது. பொதிமாடு, பஞ்சுப் பொதி, பொதிசோறு. வழிப்பயணத்தில் சோறு கிடைக்காத இடத்துக்கு வீட்டிலேயே கட்டி எடுத்துப்போகிறோமே, அதே செயல்தான் இங்கும் நடக்கிறது. திருப்பைஞ்ஞீலிக்குப் போகிற வழியில் பசித்துக் களைத்த அப்பருக்குச் சிவபெருமான் பொதிசோறு கொண்டுவந்து காத்திருந்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். ஊரும் சத்திரமும் இல்லாத நடுவழியில் கிடைத்த சோறு அது. நடுச்சாமத்தில் வயல்வெளிக் களத்தில் கேமராவுக்கு இந்தப் பெட்டி செய்வதும் அதுதான்.

ஆகவே மின்பொதி. மின்பொதியை, மின்பொதியில், மின்பொதிக்கு என்று உருபுகள் இடறாமல் ஒட்டுகின்றன. இலங்கையில் பயணப்பொதி என்பது அன்றாடச் சொல். ஆக அங்கும் அந்நியமாகத் தோன்றாது என்று நம்புகிறேன். அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். வலையமைப்பில் தரவைத் துண்டாக்கி அனுப்புவதையும் 'பொதி' என்கிறோமே என்பது ஒன்று. உண்மைதான், ஆனால் அங்கே 'தரவுப்பொதி', இங்கே 'மின்பொதி'. முன்னொட்டு வேலியாக நிற்கும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கும் வாய்ப்பு குறைவு. இன்னொன்று, பழைய இலக்கணப்படி 'மின்' உகரம் பெற்று 'மின்னுப்பொதி' ஆக வேண்டுமே என்று ஐயா கேட்கக்கூடும். மின்கலம், மின்விசிறி, மின்கம்பி என்று ஒரு நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் அந்த வழியில் போகாமல் நிலைத்துவிட்டன. அவற்றோடு இதுவும் நிற்கட்டும்.

அடுத்தது 'டம்மி பேட்டரி'. பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். உருவில் அச்சு அசல் கேமரா பேட்டரி, உள்ளே கலம் கிடையாது. பின்புறத்திலிருந்து ஒரு வயர் வரும். பேட்டரி அறையின் ஓரத்தில் நகத்தளவு ரப்பர் மடல் ஒன்று இருக்கும், அதை நெம்பித் திறந்தால் வயர் வெளியே போக வழி. மறுமுனை யூ.எஸ்.பி.யில் மாட்டி, 5 வோல்ட்டை 8 ஆக்கிக் கேமராவுக்குக் கொடுக்கும். யூ.எஸ்.பி. வழியாகவே இயங்கக்கூடிய புதிய கேமராக்களுக்கு இது தேவையில்லை. என்னிடம் இருப்பது பழையது.

> போலி மின்கலம்.

இதை மட்டும் நான் உறுதியாக மறுக்கிறேன். கையேட்டின் அதே அதிகாரத்தில் 'போலி பேட்டரி வாங்காதீர்கள், உப்பிவிடும், தீப்பிடிக்கும்' என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். பிராண்டு பெயர் ஒட்டி ஏமாற்றி விற்பதைத்தான் மக்கள் போலி என்கிறார்கள். பாதுகாப்பைப் பற்றிய இடத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கக் கூடாது. பொய்க்கால் குதிரை ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த பையன்கள் இவர்கள். கால் இல்லாத இடத்தில் கால்போல் நிற்பது பொய்க்கால் என்றால், கலம் இல்லாத இடத்தில் கலம்போல் உட்கார்வது பொய்க்கலம். சொல்லிப் பார்த்தேன், விளக்கமே கேட்காமல் புரிந்துகொண்டார்கள்.

மூன்றாவதாக ஒன்று. இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் வலி. போன வருஷம் ஒரு கர்ண மோட்சக் கூத்தில், காட்சிக்குக் காட்சி இடைவெளியில் பதிவை நிறுத்தி வைத்திருந்தேன். கேமரா உறங்கப் போயிற்று. இழுக்கும் மின்னோட்டம் குறைந்ததும், இனி யாருக்கும் தேவையில்லை என்று எண்ணிப் பவர் பேங்கும் தன்னை அணைத்துக்கொண்டது. பல பவர் பேங்குகள் மின்னோட்டம் 50 முதல் 100 மில்லியாம்பியருக்குக் கீழே சற்று நேரம் இருந்தாலே இப்படிச் செய்யும். இரண்டு பேர் திரைத்துணியைப் பிடித்தார்கள், கர்ணன் திரைக்குப் பின்னே நின்று விருத்தம் எடுத்தார். நான் பொத்தானை அழுத்துகிறேன், கேமரா கல்போல் கிடக்கிறது. காரணம் புரிந்து பவர் பேங்கின் பொத்தானை அமுக்கி உயிர்ப்பிப்பதற்குள் திரை விலகிவிட்டது. எழுபது வயதைக் கடந்த அந்தக் கலைஞர் அந்த விருத்தத்தை அவ்வளவு உயரத்தில் எடுத்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். அது என்னிடம் பதிவாக இல்லை.

இதற்கு மருந்து எளிது. 47 ஓம், 1 வாட் மின்தடை ஒன்று. மஞ்சள், ஊதா, கறுப்பு என்று வளையங்கள் இருக்கும். ஒரு யூ.எஸ்.பி. முனையில் சாலிடர் வைத்து, பவர் பேங்கின் இரண்டாவது துளையில் செருகிவிட வேண்டும். 100 மில்லியாம்பியருக்குச் சற்று மேல் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும், பவர் பேங்கும் விழித்தே இருக்கும். இரவு முழுக்க அதற்காகச் செலவாவது நாலு வாட் மணி சொச்சம். அரை வாட் சூடாகும், அதனால் துணியோடு சேர்த்துச் சுற்றக் கூடாது. பாடநூலில் 'லோடு' என்பதற்குப் பளு என்ற சொல் இருக்கிறது. பொய்க்கலத்தின் வழியில் இதைப் பொய்ப்பளு என்று எழுதியிருக்கிறேன்.

கையேட்டில் இப்போது இப்படி இருக்கிறது, திருத்துங்கள்:

"மின்பொதியை முதல் நாளே முழுதாக ஏற்றி வை. பொய்க்கலத்தைக் கேமராவில் மாட்டி, வயரை ரப்பர் மடல் வழியே வெளியே எடு. மின்பொதியில் 2 ஆம்பியர் என்று எழுதிய துளையில் அதைச் செருகு. மற்றத் துளையில் பொய்ப்பளு. வயரை முக்காலியின் காலோடு சேர்த்துக் கட்டு, யாரும் தடுக்கி இழுத்தால் கேமரா அந்தக் கணமே அணைந்துவிடும்."

அன்புடன்.

---

(ஞாயிறு மாலை, அதே இழையில்)

நண்பர்களுக்கு,

'மின்பொதி'க்கு இசைவு சொன்ன யாழ்ப்பாணத்து அண்ணனுக்கு நன்றி. 'பொய்க்கலம்' தனியாக நின்றால் பானையைக் குறிப்பதாகத் தோன்றும் என்று ஐயா எழுதியது நியாயம். கையேட்டில் முதல் தடவை வரும் இடத்தில் 'பொய் மின்கலம்' என்று விரித்து எழுதி, பிறகு சுருக்கிக்கொள்கிறேன்.

நேற்றைய கூத்துக்கு இரண்டு பவர் பேங்கிலும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி 'மின்பொதி 1', 'மின்பொதி 2' என்று எழுதி எடுத்துப்போனேன். ஒன்று பழசு, முழு இரவு தாங்காது என்று தெரியும். நாலு மணிக்குமேல் முக்காலி அருகே உட்கார்ந்திருந்த பையன் என் காதருகே வந்து, "அண்ணா, பொதி ஒண்ணு ஒரு புள்ளிக்கு வந்துடுச்சு. அடுத்த திரை பிடிக்கிறதுக்குள்ள ரெண்டை மாட்டிடட்டுமா?" என்றான். 'மின்' போய்ப் 'பொதி' மட்டும் நின்றுவிட்டது. மாட்டினோம்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. சில மின்பொதிகள் சோலார் தகட்டிலிருந்து தாம் ஏற்றிக்கொண்டே கேமராவுக்கும் கொடுக்கின்றன, சில அப்படிச் செய்யா. கடையில் 'பாஸ் த்ரூ' இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். 'ஏற்றிக்கொண்டே கொடுப்பது' என்று வாக்கியமாகத்தான் இப்போது எழுதியிருக்கிறேன். ஒற்றைச் சொல் யாருக்காவது தோன்றினால் வியாழனுக்குள் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கிறேன்.