மறு: வேபாயிண்ட், ஜியோகேஷ் – தமிழில் எவ்வாறு வழங்கலாம்?

மதிப்பிற்குரிய ஐயா,
குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். செயற்கைக்கோள் துணையால் இடங்காட்டும் ஜி.பி.எஸ். கருவியில் பயனர் குறித்து வைக்கும் இடம் வேபாயிண்ட். ஆள்கூறுகளை (அகலாங்கு, நெட்டாங்கு எண்களை) மட்டும் வெளியிட்டு, பிறர் தேடிக் கண்டறிவதற்காக மறைத்து வைக்கும் பெட்டி ஜியோகேஷ்; அதைத் தேடும் விளையாட்டு ஜியோகேஷிங். இவற்றுக்கான தமிழ்ச் சொற்கள் பற்றி நீங்கள் எழுதியதற்கு இது என் மறுமொழி.

> வேபாயிண்ட்டுக்கு 'வழிப்புள்ளி' என்று ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது. ஜியோகேஷுக்குப் 'புவிப்புதையல்' போதும். இருக்கும் சொற்களை விட்டுவிட்டுப் புதியவற்றை ஆக்குவது பயனரைக் குழப்பும்.

புழக்கத்தில் உள்ள சொல்லைத் தக்க காரணமின்றி மாற்றக் கூடாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நாம் இப்போது ஆக்க முனைந்திருப்பவை அகராதியில் உட்கார்ந்திருக்கப்போகும் சொற்கள் அல்ல. கைக்கருவியின் சிறு திரையிலும் நிலவரைபட மென்பொருளின் பட்டிகளிலும், ஒருவர் நடந்துகொண்டிருக்கும்போதே பார்த்து அழுத்த வேண்டிய சொற்கள் அவை. அங்கே இரண்டு சொற்கள் ஒன்றோடொன்று மயங்கினால், பயனர் தவறான பொத்தானை அழுத்துவார். தவறான இடத்துக்குப் போய் நிற்பார். ஆகவே வேபாயிண்ட்டைக் 'குறியிடம்' என்றும், ஜியோகேஷை 'மறைவைப்பு' என்றும் வழங்கலாம் என முன்மொழிகிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜி.பி.எஸ். கைக்கருவி மூன்று வகைப் பொருள்களைத் தன் நினைவகத்தில் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. பயனர் தாமே குறித்து வைத்த இடம் ஒன்று. இனிச் செல்ல வேண்டிய இடங்களை வரிசையாகக் கோத்து வைத்த திட்டம் மற்றொன்று. நடக்க நடக்கக் கருவி தானாகவே பதிந்துகொண்டு போகும் சுவடு மூன்றாவது. இவற்றையே ஆங்கிலத்தில் முறையே வேபாயிண்ட், ரூட், டிராக் என்கிறார்கள். 2002இல் வெளிவந்து 2004இல் 1.1ஆம் பதிப்பைக் கண்ட, ஜி.பி.எஸ். தரவைப் பரிமாற உதவும் ஜி.பி.எக்ஸ். கோப்பு வடிவமும் இம்மூன்றையும் வெவ்வேறு உறுப்புகளாகவே பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கோ, கருவியிலிருந்து ஜி.பி.எஸ்.பேபல், பேஸ்கேம்ப், கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற மென்பொருள்களுக்கோ தரவைக் கொண்டுசெல்பவர் ஒவ்வொரு முறையும் இம்மூன்றில் எதை எடுக்கிறோம் என்று தெரிந்துதான் எடுக்க வேண்டும். ரூட்டுக்கு 'வழி' என்றும் டிராக்குக்குத் 'தடம்' என்றும் இக்குழுவில் முன்பே உடன்பட்டிருக்கிறோம். இரண்டும் நல்ல சொற்கள். இனிச் செல்வது வழி, சென்றதால் விழுந்தது தடம் என்ற வேறுபாடு தமிழிலேயே இருக்கிறது.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வழியை ஆக்கும் புள்ளிகளும் தடத்தை ஆக்கும் புள்ளிகளும் அக்கோப்பில் தனித்தனியே இடம்பெறுகின்றன. தடத்தின் புள்ளியைத் 'தடப்புள்ளி' என்றால், வழியின் புள்ளியை 'வழிப்புள்ளி' என்பதே இயல்பு. வேபாயிண்ட்டுக்கும் அதே சொல்லைக் கொடுத்துவிட்டால், வழியோடு தொடர்பே இல்லாத, தனித்து நிற்கும் இடத்துக்கு என்ன பெயர் வைப்பது?

கருவியில் அந்தச் செயல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கார்மின் நிறுவனத்தின் கைக்கருவிகள் பலவற்றில் ஒரு பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், இடத்தைக் குறிக்கும் திரை விரியும். மேலே 001 என்பது போன்ற ஓர் எண்ணும், அதன் அருகே ஒரு சிறு கொடியும், கீழே அந்த நொடியின் அகலாங்கும் நெட்டாங்கும் உயரமும் தாமாகவே நிரம்பி நிற்கும். பயனர் எண்ணை அழித்துவிட்டு 'வண்டி' என்று பெயரிட்டு, சேமித்துவிட்டு நடக்கத் தொடங்குவார். அவர் எந்த வழியையும் வகுக்கவில்லை. அந்த இடம் எந்த வழியின் நடுவிலும் இல்லை. அவர் செய்தது ஓர் இடத்தைக் குறித்துப் பெயரிட்டது மட்டுமே. ஜியோகேஷிங் பயணத்தில் வேபாயிண்ட்டின் பெரும்பாலான பயன்பாடு இவ்வகையே.

பல கட்டங்களாக அமைந்த ஜியோகேஷில் வண்டி நிறுத்துமிடம், நடைபாதை தொடங்குமிடம், இடைக்கட்டம், இறுதி இடம் எனத் துணை வேபாயிண்ட்டுகள் பல தரப்படுவதுண்டு. அவற்றுள் சிலவற்றை மட்டுமே ஒருவர் கடந்து செல்வார். புதிர் வகை ஜியோகேஷில் நிலைமை இன்னும் தெளிவு. அங்கே வலைப்பக்கத்தில் வெளியிடப்படும் ஆள்கூறு பெரும்பாலும் பெட்டி இருக்கும் இடமே அன்று. உண்மையான இடம் அதிலிருந்து ஏறத்தாழ 3.2 கிலோமீட்டருக்குள் எங்கோ இருக்கும். புதிரை விடுவித்தால்தான் அது தெரியும். வெளியிட்ட புள்ளிக்கு யாரும் போக வேண்டியதே இல்லை என்னும்போது அதை வழிப்புள்ளி என்பது பொருந்தாது.

இனிக் 'குறியிடம்' பற்றி. இது நான் ஆக்கிய சொல் அன்று. அகப்பாடல் மரபில் தலைவனும் தலைவியும் சந்திக்க முன்கூட்டியே குறித்துக்கொண்ட இடம் குறியிடம். பகலில் என்றால் பகற்குறி, இரவில் என்றால் இரவுக்குறி. ஒருவர் குறித்து வைக்க, மற்றவர் அக்குறிப்பையே துணையாகக் கொண்டு தேடி வந்து சேரும் இடம் என்ற பொருள், நமக்கு வேண்டிய பொருளோடு எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இலக்கியம் அறியாத பயனருக்கும் 'குறித்த இடம்' என்று பார்த்த நொடியில் விளங்கும். 'குறியிடம் சேர்', 'குறியிடத்துக்குச் செல்', 'குறியிடத்தைத் திருத்து', 'குறியிடச் சராசரி' என்று பட்டிகளில் தேவைப்படும் தொடர்கள் அனைத்தும் முறுக்கின்றி வருகின்றன. கடைசியாகச் சொன்னது, பெட்டியை வைப்பவர் அதே இடத்தைச் சற்று இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் அளந்து அளவீடுகளின் சராசரியை எடுப்பதற்குக் கருவியில் இருக்கும் வசதி.

இதே மரபிலிருந்து இன்னொரு சொல்லும் நமக்குக் கிடைக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. தலைவன் செய்யும் ஒலிக்குறியைப் போலவே வேறொன்று, நீரில் காய் விழுவது போன்ற ஏதோ ஒன்று, ஒலித்துவிட, தலைவி அதை நம்பி வந்து ஏமாந்து திரும்புவதை 'அல்லகுறி' என்பார்கள். செயற்கைக்கோளின் சமிக்ஞை நேராக வராமல் பாறையிலோ சுவரிலோ பட்டுத் தெறித்து வரும்போது, கருவி அதையும் உண்மையென எடுத்துக்கொண்டு தவறான இடத்தைக் காட்டுகிறது. அப்படிப் பிசகிப் பதிவான குறியிடத்துக்கு 'அல்லகுறி' என்ற பெயரையே நான் பரிந்துரைப்பேன்.

> 'குறியிடம்' சிறு திரையில் 'குறியீடு' என்று படிக்கப்படும் வாய்ப்பு உண்டு.

இது மறுக்க முடியாத எதிர்ப்பு. ஒவ்வொரு ஜியோகேஷுக்கும் ஜி.சி. என்று தொடங்கும் ஓர் அடையாளக் குறியீடு இருப்பதால், இரண்டு சொற்களும் ஒரே திரையில் அடுத்தடுத்து வரவும் கூடும். அதற்கு வழி, குறியிடத்தைக் கைவிடுவது அன்று, அந்த அடையாளத்தைப் 'பதிவெண்' என்று மாற்றுவதே என்பது என் கருத்து. அதில் எழுத்துகளும் கலந்திருப்பது ஒரு தடையன்று. வண்டிகளின் பதிவெண்ணிலும் எழுத்துகள் உண்டு.

அடுத்து 'புவிப்புதையல்'. இந்த விளையாட்டின் பெயர் பிறந்த கதை நமக்கு உதவும். ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்துவதாக அமெரிக்க அதிபர் கிளிண்டன் 2000 மே 1 அன்று அறிவித்தார். அதுவரை 100 மீட்டர் வரை பிசகிக்கொண்டிருந்த பொதுமக்கள் கருவிகள் ஒரே இரவில் பன்மடங்கு துல்லியம் பெற்றன. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருள்களை இட்டு மறைத்துவிட்டு, அதன் ஆள்கூறுகளை இணையச் செய்திக்குழு ஒன்றில் அறிவித்தார். மைக் டீக் என்பவர் அதை முதலில் கண்டறிந்தார். தொடக்கத்தில் அதை 'ஸ்டாஷ்' (மறைத்து வைத்த பொருள்) வேட்டை என்றே அழைத்தனர். அச்சொல்லுக்குப் போதைப்பொருளைப் பதுக்கி வைப்பது என்ற நிழல் இருந்ததால், அதே மாத இறுதியில் மேட் ஸ்டம் என்பவர் ஒரு மடற்குழுவில் 'ஜியோகேஷிங்' என்ற சொல்லை முன்வைத்தார். நாம் இன்று செய்துகொண்டிருப்பது போன்ற ஓர் உரையாடலில்தான் அந்த ஆங்கிலச் சொல்லும் பிறந்தது. ஒரு சொல்லின் வேண்டாத நிழலைக் கருதித்தான் அவர்களும் சொல்லை மாற்றினார்கள்.

கணினித்துறையில் கேஷ் (விரைவில் எடுப்பதற்காகத் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) என்பதற்குப் 'பதுக்ககம்' என்று சிலர் எழுதுவதால், இங்கும் 'புவிப்பதுக்கல்' எனலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். தமிழில் பதுக்கல் என்றால் பண்டங்களை முடக்கி வைக்கும் குற்றமே முதலில் நினைவுக்கு வருகிறது. அவர்கள் விலக்கிய நிழலை நாம் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை.

புதையலுக்கு வேறு குறை. அதன் வேரே 'புதை' என்பது. இன்றைய விதிகளின்படி நில உரிமையாளரின் வெளிப்படையான அனுமதியின்றிப் பெட்டியை வைப்பதற்காகவோ எடுப்பதற்காகவோ நிலத்தைத் தோண்டக் கூடாது. உல்மரின் முதல் வாளி பாதி புதைந்திருந்தது உண்மைதான்; ஆனால் பின்னர் வந்த விதி அதை ஏற்கவில்லை. இயற்கைப் பகுதிகளில் இவ்விளையாட்டு தொடர்ந்து அனுமதிக்கப்படுவதற்கு அந்த விதி இன்றியமையாதது. புதையல் என்று நாமே எழுதிவிட்டு, தோண்டாதீர்கள் என்று அடுத்த வரியில் எச்சரிப்பது முறையாகாது. மேலும் புதையலைக் கண்டவர் அதை எடுத்துக்கொண்டு போவார். இங்கோ, கண்டவர் பெட்டியிலுள்ள ஏட்டில் பெயரும் நாளும் எழுதுகிறார்; உள்ளிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடானதையோ மேலானதையோ வைக்கிறார்; பெட்டியை மூடி, இருந்த இடத்திலேயே, இருந்தபடியே மறைத்துவிட்டுத் திரும்புகிறார். அடுத்து வருபவருக்காக அது அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை அறம். ஆகவே பொருளின் மதிப்பையோ மண்ணையோ சுட்டாமல், மறைத்து வைத்தல் என்ற செயலை மட்டும் சுட்டும் 'மறைவைப்பு' பொருத்தமாகப் படுகிறது. வைப்பவர் மறைவைப்பாளர், தேடுபவர் தேடுநர், விளையாட்டு மறைவைப்புத் தேடல். 'கரவு' என்ற பழஞ்சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். அதில் வஞ்சகம் என்ற பொருளும் ஏறியிருப்பதால் விட்டுவிட்டேன்.

சிறிய சொற்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். லாக்புக் பதிவேடு, ஹிண்ட் துப்பு. ஒவ்வொரு மறைவைப்புக்கும் ஒன்று முதல் ஐந்து வரை தரப்படும் இரு மதிப்பீடுகளுள் ஒன்று 'தேடற்கடினம்', மற்றது 'நிலக்கடினம்'. டேட்டம் என்பதைத் 'தரவு' என்று பெயர்த்திருப்பதை மட்டும் உடனே திருத்தியாக வேண்டும். அது டபிள்யூ.ஜி.எஸ். 84 போன்ற, புவியின் உருவை வரையறுக்கும் அடிப்படைச் சட்டகம். கருவி ஒன்றிலும் வரைபடம் வேறொன்றிலும் இருந்தால் இடம் சில நூறு மீட்டர் கூட விலகிவிடலாம். 'ஆதாரச் சட்டகம்' என்று இடலாம்.

ஆள்கூறுகளை எழுதும் முறையில் நம் மரபு கைகொடுக்கிறது. டிகிரிக்குப் பாகை, மினிட்டுக்குக் கலை, செகண்டுக்கு விகலை. கோண அளவை 'நிமிடம்' என்று எழுதி நேரத்தோடு குழப்பும் பழக்கத்தை இந்த மென்பொருளிலாவது தவிர்ப்போம். இவ்விளையாட்டில் ஆள்கூறுகள் பாகையாகவும் பதின்மக் கலையாகவும் தரப்படுகின்றன. கலையின் மூன்றாம் பதின்ம இலக்கத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ வடக்கு-தெற்காக ஏறத்தாழ 1.85 மீட்டர் நகர்வோம். உல்மரின் வாளியின் அகலாங்கு 45 பாகை 17.460 கலை, பதின்மப் பாகையில் அது 45.291. வடிவமைப்பைக் கவனியாமல் 45.17460 பாகை என்று உள்ளிடுபவர் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தெற்கே போய்விடுவார். ஆகவே அமைப்புத் திரையில் 'பாகை–கலை', 'பதின்மப் பாகை' என்ற தெரிவுகளைச் சுருக்காமல் முழுமையாக எழுத வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

இறுதியாக, இன்னும் முடிவாகாத ஒன்று. தற்போதைய வரைவில் பேரிங், கோர்ஸ், ஹெடிங் ஆகிய மூன்றுக்கும் 'திசை' என்றே இருக்கிறது. தேடுநருக்குக் கடைசிப் பத்து மீட்டரில் வரும் தடுமாற்றத்துக்கு இம்மூன்றையும் பிரித்தறியாமையே பெரும்பாலும் காரணம். மின்னணுத் திசைகாட்டி இல்லாத கருவி, தான் நகர்வதைக் கொண்டே திசையைக் கணிக்கிறது. நின்றுவிட்டால் அதற்குத் திசை தெரியாது, அம்பு அங்குமிங்கும் அலையும். திசைகாட்டி உள்ள கருவியோ நின்றிருக்கும்போதும் தான் நோக்கும் திசையை அறியும். நாம் இருக்குமிடத்திலிருந்து குறியிடம் இருக்கும் பக்கம் (பேரிங்) 'இலக்குத்திசை', நகர்ந்துகொண்டிருக்கும் பக்கம் (கோர்ஸ்) 'செல்திசை' என்பவை எனக்கு நிறைவாகவே படுகின்றன. கருவி நோக்கும் பக்கத்துக்கு (ஹெடிங்) 'முகத்திசை', 'நோக்குதிசை' என்ற இரண்டும் வந்துள்ளன. பின்னது பயனர் பார்க்கும் பக்கம் என்றும் பொருள்படக்கூடும் என்பதால் நான் முன்னதன் பக்கம் சாய்கிறேன். கைக்கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தும் நண்பர்கள் இதில் தங்கள் கருத்தை எழுதினால், வரைவைத் திருத்திக் குழுவின் பார்வைக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்.