புதுப்பிப்பு: 12.6 வோல்ட் காட்டியும் செல்ஃப் ஸ்டார்ட் எடுக்காத பைக் பேட்டரி

பட்டனை அழுத்தினால் 'டிக்' சத்தம் மட்டும் வருகிறது, வண்டி எடுக்கவில்லை, என்ன காரணம் என்று முன்பு கேட்டிருந்தேன்; யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது, "ஹெட்லைட் பல்பை லோடாக (மின்சாரம் இழுக்கும் சுமையாக) மாட்டி வோல்டேஜ் பாருங்க" என்று ஒருவர் சொன்னதுதான்.

சும்மா வைத்தால் 12.6 வோல்ட். 55 வாட் பல்பை மாட்டியதும் 10.4, மின்னோட்டம் 4 ஆம்பியர். குறைந்த 2.2 வோல்ட்டை 4-ஆல் வகுத்தால் அக மின்தடை (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை) 0.55 ஓம். அப்படிப்பட்ட பேட்டரி வெளியே தரக்கூடிய உச்ச திறனே, வோல்டேஜின் வர்க்கத்தை அக மின்தடையின் நான்கு மடங்கால் வகுத்தால், 12.6²/(4×0.55), சுமார் 72 வாட். ஸ்டார்டர் மோட்டார் கேட்பதோ பல நூறு வாட். ரிலேயில் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) 'டிக்' சத்தம் மட்டும் வந்தது வேறெதனால்?

டெர்மினலில் (பேட்டரியின் இணைப்பு முனை) அழுக்கு இருக்கும், சுரண்டுங்க என்றவர்களுக்கு: சுரண்டினேன், ஈய முனையிலேயே நேரடியாக அளந்தும் அதே 10.4தான். எதிர்பாராதது, பல்பைக் கழற்றிக் கொஞ்ச நேரத்தில் மறுபடி 12.6க்கு ஏறிவிட்டது! லோடு போடாமல் அளந்து "பேட்டரி நல்லாயிருக்கு" என்பவர்களை நம்பாதீர்கள்.

புது பேட்டரியில் அதே பல்புக்கு 0.1 வோல்ட்கூடக் குறையவில்லை. வண்டி ஒரே அழுத்தில் எடுக்கிறது.