எக்ஸ்வி6 கெர்னலில் சிக்னலுக்கு மாற்று ஸ்டாக்: முதல் தடவை பிழைக்கிறது, இரண்டாம் தடவை சாகிறது

கெர்னல்_பழகுநர் (கேள்வி)

வணக்கம். எம்.ஐ.டி.யில் பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 கெர்னலின் (இயங்குதளத்தின் மைய நிரல்) ரிஸ்க்-வி செயலிக்கான பதிப்பை ஒரு மாதமாக இரவுகளில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் யூனிக்ஸ் மாதிரி சிக்னல் (ஓடும் நிரலை இடைமறித்துக் கெர்னல் தரும் அறிவிப்பு) கிடையாது. அவர்களுடைய பயிற்சியில் வரும் சிக்அலாரம் (குறித்த நேரத்தில் நிரலின் ஒரு ஃபங்ஷனை, அதாவது ஹேண்ட்லரை, ஓட்டுவது), சிக்ரிட்டர்ன் (ஹேண்ட்லர் முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்புவது) இரண்டையும் முடித்ததும், அதையே நீட்டி உண்மையான சிக்னலாக மாற்றலாம் என்று ஆரம்பித்தேன். தவறான நினைவக முகவரியைத் தொட்டால் வரும் சிக்செக்வி வரை வந்துவிட்டேன்.

எனக்கு இது வேண்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எக்ஸ்வி6 மேலே லிஸ்ப் மொழிக்கு ஒரு சின்ன இன்டர்பிரிட்டர் எழுதியிருக்கிறேன். யாராவது ஆழமான பட்டியல் ஒன்றைக் கொடுத்தால் என் பார்சர் (உள்ளீட்டைப் பிரித்துப் படிக்கும் பகுதி) தன்னையே திரும்பத் திரும்ப அழைத்து, ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகமான ஸ்டாக்கைத் தீர்த்துவிடுகிறது, அதோடு இன்டர்பிரிட்டரே போய்விடுகிறது. அது "ஆழம் அதிகம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருக்க வேண்டும்.

எக்ஸ்வி6 ஒரு புரோசஸுக்குத் தரும் ஸ்டாக் ஒரே ஒரு பக்கம், 4096 பைட். அதற்குக் கீழே ஒரு காவல் பக்கம். நிரலை ஏற்றும் எக்ஸெக், அந்தப் பக்கத்தை நிரல் தொடலாம் என்ற அனுமதியான யூசர் பிட்டை எடுத்துவிடுவதால், எஸ்பி (ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் ரெஜிஸ்டர்) அதற்குள் இறங்கி எழுதப் போனால் ஸ்காஸ் 15, அதாவது எழுதும்போது வரும் பேஜ் ஃபால்ட், வருகிறது. நிரலிலிருந்து கெர்னலுக்குள் நுழையும் இடமான யூசர்டிராப்பில் அதைப் பிடித்துச் சிக்செக்வி அனுப்புகிறேன். ஆனால் ஹேண்ட்லரை ஓட்ட வேண்டுமென்றால், பழைய ரெஜிஸ்டர்களையெல்லாம் யூசர் ஸ்டாக்கில் ஒரு ஃபிரேமாக எழுதி வைக்க வேண்டும். அங்கே எழுத இடமில்லாமல்தானே ஃபால்ட்டே வந்தது! யூசர் நினைவகத்தில் எழுதும் காப்பிஅவுட் −1 (தோல்வி) தருகிறது, புரோசஸைக் கொல்வதைத் தவிர வழியில்லை.

அதனால் ஹேண்ட்லருக்கு ஒரு மாற்று ஸ்டாக்கைப் பதியும் சிக்ஆல்ட்ஸ்டாக் சிஸ்டம் காலைச் சேர்த்தேன். புரோசஸ் ஸ்ட்ரக்டில் மூன்று புலங்கள் புதிது: மாற்று ஸ்டாக்கின் ஆரம்ப முகவரி, அதன் அளவு, இப்போது அதன் மேல் ஓடுகிறோமா என்று சொல்லும் ஒரு ஃபிளாக். சிக்னல் கொடுக்கும்போது ஃபிளாக் 0 என்றால் எஸ்பியை மாற்று ஸ்டாக்கின் உச்சிக்கு மாற்றி, அங்கே ஃபிரேமை எழுதி, ஃபிளாக்கை 1 ஆக்குகிறேன். சிக்ரிட்டர்னில் திரும்ப 0.

சோதனை நிரல் இதுதான். மெயின், கெர்னலிடம் நினைவகம் கேட்கும் எஸ்பிஆர்கே மூலம் 4096 பைட் வாங்கி மாற்று ஸ்டாக்காகப் பதிகிறது. திரும்பி வர வேண்டிய இடத்தைச் செட்ஜம்ப் மூலம் குறித்துவிட்டு, 64 பைட் அரே வைத்திருக்கும் ஒரு ஃபங்ஷனை முடிவில்லாமல் அழைக்கிறது. ஹேண்ட்லர் ஒரு வரி அச்சிட்டு லாங்ஜம்ப் மூலம் மெயினுக்குத் திரும்புகிறது. எக்ஸ்வி6-இல் இந்த இரண்டும் இல்லை என்பதால் நானே அசெம்பிளியில் எழுதினேன்: ஆர்ஏ, எஸ்பி, எஸ்0 முதல் எஸ்11 வரை, மொத்தம் 14 ரெஜிஸ்டர், 112 பைட்.

முதல் தடவை எல்லாம் சரி. ஹேண்ட்லர் ஓடுகிறது, மெயின் பிழைக்கிறது. அதையே இரண்டாம் தடவை செய்தால் புரோசஸ் செத்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் சரியாக இரண்டாவதில்தான். மூன்று இரவாக இதிலேயே நிற்கிறேன். எங்கே பார்க்க வேண்டும்?


சி_நிரல்

எனக்கு உடனே தோன்றுவது சிக்னல் மாஸ்க், அதாவது எந்தச் சிக்னல்கள் தடுக்கப்பட்டிருக்கின்றன என்ற பட்டியல். லினக்ஸில் ஹேண்ட்லர் ஓடும்போது அதே சிக்னல் தடுக்கப்பட்டிருக்கும். ஹேண்ட்லர் முறையாகத் திரும்பினால்தான் தடை நீங்கும். வெறும் லாங்ஜம்ப் போட்டு வெளியே குதித்தால் சிக்செக்வி தடுத்தபடியே நின்றுவிடும். தடுத்திருக்கும் நேரத்தில் இன்னொரு பேஜ் ஃபால்ட் வந்தால் கெர்னல் காத்திருக்காது, கொன்றுவிடும். அதற்காகத்தான் மாஸ்க்கையும் சேர்த்துச் சேமிக்கிற சிக்செட்ஜம்ப், சிக்லாங்ஜம்ப் ஜோடி இருக்கிறது. உங்கள் அறிகுறி அப்படியே இதுதான்.


கெர்னல்_பழகுநர்

நன்றி. ஆனால் என் கெர்னலில் இன்னும் மாஸ்க் எழுதவே இல்லை. எந்தச் சிக்னலும் எதையும் தடுக்காது. சிக்னல் கொடுக்கும் இடத்தில் பிரின்ட் போட்டுப் பார்த்தேன்: இரண்டாம் தடவையும் அந்த இடம் வரை வருகிறது, காப்பிஅவுட்டில்தான் −1. எழுத முயலும் முகவரி காவல் பக்கத்துக்குள் இருக்கிறது.


பழைய_யூனிக்ஸ்

அந்தப் பிரின்டிலேயே பதில் வந்துவிட்டது. காவல் பக்கத்துக்குள் எழுத முயல்கிறது என்றால், கெர்னல் மாற்று ஸ்டாக்குக்கு மாறவே இல்லை. ஏன் மாறவில்லை? "ஏற்கெனவே அதன் மேல்தான் இருக்கிறோம்" என்று உங்கள் ஃபிளாக் சொல்கிறது. ஹேண்ட்லர் லாங்ஜம்ப் போட்டு ஓடிவிட்டது, சிக்ரிட்டர்ன் வரவே இல்லை, ஃபிளாக்கை 0 ஆக்க ஆளில்லை. சந்தேகம் இருந்தால் லாங்ஜம்ப் முடிந்து மெயினுக்கு வந்தபின் சிக்ஆல்ட்ஸ்டாக்கை அழைத்துப் பழைய நிலையைக் கேட்டுப் பாருங்கள். மெயினில் நின்றுகொண்டே "மாற்று ஸ்டாக்கில் இருக்கிறாய்" என்று பதில் வரும்.

சி_நிரல் சொன்னதும் வேரில் இதே நோய்தான். ஹேண்ட்லர் எப்போதும் சிக்ரிட்டர்ன் வழியாகத்தான் வெளியேறும் என்று கெர்னல் நம்பவே கூடாது.

தீர்வு: ஃபிளாக்கையே தூக்கிவிடுங்கள். மாற்று ஸ்டாக்கில் இருக்கிறோமா என்பதை எங்கும் குறித்துவைக்க வேண்டாம், கேட்கிறபோதெல்லாம் எஸ்பியைப் பார்த்துக் கணக்கிடுங்கள். டிராப்ஃபிரேமில் (கெர்னலுக்குள் நுழையும்போது யூசர் ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் இடம்) இருக்கும் யூசர் எஸ்பி மாற்று ஸ்டாக்கின் எல்லைக்குள் இருந்தால் ஆம், இல்லையென்றால் இல்லை. லாங்ஜம்ப் எஸ்பியை மெயினின் ஸ்டாக்குக்கு மாற்றிய அந்த நொடியே பதிலும் தானாக மாறிவிடும். லினக்ஸ் இப்படித்தான் செய்கிறது, ஃபிரீபிஎஸ்டியும் அப்படித்தான்.

ஃபிளாக் வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது இயல்பு. 1983-இல் 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸில் வந்த சிக்ஸ்டாக்கும் ஃபிளாக்கைத்தான் வைத்திருந்தது. அந்த ஸ்ட்ரக்டில் இரண்டே புலங்கள்: ஸ்டாக்கின் முகவரி ஒன்று, அதன் மேல் இருக்கிறோமா என்பது இன்னொன்று. அளவு இல்லை. அளவு தெரியாமல் எஸ்பி உள்ளே இருக்கிறதா என்று எப்படிக் கணக்கிடுவது? வேறு வழியில்லாமல் ஃபிளாக். அதனால் லாங்ஜம்ப் அந்த ஃபிளாக்கையும் சேர்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. பழைய நிலையைச் சேமிக்கும் சிக்கான்டெக்ஸ்டில் அதற்கென்றே ஒரு புலம் இருந்தது. பின்னால் வந்த சிக்ஆல்ட்ஸ்டாக் அளவையும் கேட்டு வாங்குகிறது. நீங்களும் வாங்கி வைத்திருக்கிறீர்கள், பயன்படுத்துங்கள்.

எல்லையைச் சரிபார்க்கும்போது கவனம். ஆரம்பம் 16384, அளவு 4096 என்று வையுங்கள். எஸ்பி 16384-ஐ விடப் பெரிதாக இருக்க வேண்டும், 20480 வரை இருக்கலாம், 20480-உம் சேர்த்தி. ஸ்டாக் கீழ்நோக்கி வளர்வதால் காலியான ஸ்டாக்கின் எஸ்பி உச்சியிலேயே நிற்கும். அடி முகவரியான 16384-ஐச் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் அதற்குக் கீழே ஒட்டி இன்னொரு ஸ்டாக் இருந்தால் அதன் உச்சியும் அதே எண்தான்.

உங்கள் நிரலில் அப்படி ஒட்டித்தான் இருக்கிறது, கவனித்தீர்களா? எக்ஸ்வி6-இல் ஹீப் (எஸ்பிஆர்கே நினைவகம் தரும் பகுதி) ஆரம்பிப்பது யூசர் ஸ்டாக்கின் உச்சியிலிருந்து. முதல் எஸ்பிஆர்கே தரும் பக்கம் மெயினின் ஸ்டாக்குக்கு நேர் மேலே. ஹேண்ட்லர் தன் 4096 பைட்டைத் தாண்டினால் நடுவில் காவல் பக்கம் எதுவும் இல்லை. எக்ஸெக் எழுதி வைத்த ஆர்கியூமென்ட்களையும் மெயினின் ஃபிரேமையும் சத்தமில்லாமல் அழித்துக்கொண்டு போகும். இப்போதைக்கு 8192 வாங்கி மேல் பாதியை மட்டும் பதியுங்கள். கீழ்ப் பக்கத்தின் யூசர் பிட்டை எடுக்க ஒரு சிஸ்டம் கால் எழுத முடிந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று, ஹேண்ட்லர் ஓடும்போதே அலாரம் வந்தால்? ஏற்கெனவே மாற்று ஸ்டாக்கில் இருப்பதால் உச்சிக்குத் திரும்பக் கூடாது, இப்போதைய எஸ்பிக்குக் கீழேதான் அடுத்த ஃபிரேம். உச்சிக்குப் போனால் முதல் ஃபிரேம் அழியும். கீழே இடம் போதவில்லை என்றால் எழுதாமல் கொன்றுவிடுங்கள். லினக்ஸும் அந்த இடத்தில் வேண்டுமென்றே செல்லாத ஒரு முகவரியைத் தந்து சாகவிடுகிறது. அரைகுறையாக ஓடவிட்டுத் தரவைக் கெடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எஸ்பியைப் பார்க்கும் முறைக்கும் ஒரு ஓட்டை உண்டு. ஹேண்ட்லருக்குள்ளிருந்து ஸ்வாப்கான்டெக்ஸ்ட் மூலம் வேறு ஸ்டாக்குக்குப் போய், பிறகு திரும்பி வர நினைத்தால், இடையில் வரும் சிக்னல் "மாற்று ஸ்டாக் காலி" என்று நினைத்து உச்சியிலிருந்து எழுதிவிடும். அதற்காக லினக்ஸ் 4.7-இல் ஆட்டோடிசார்ம் என்ற ஒரு தேர்வு வந்தது: ஹேண்ட்லர் ஆரம்பித்ததும் மாற்று ஸ்டாக் பதிவே நீங்கிவிடும், சிக்ரிட்டர்னில் திரும்ப வரும். உங்கள் லிஸ்ப்புக்கு அது தேவைப்படாது.


ஃபிரேம்_எண்ணுபவர்

பழைய_யூனிக்ஸ் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்க வந்தது, அந்த ஃபிரேமில் என்ன எழுதுகிறீர்கள்? டிராப்ஃபிரேமை அப்படியே காப்பிஅவுட் செய்கிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். அது 36 புலம், 288 பைட். அதன் தொடக்கத்திலேயே கெர்னலின் பேஜ் டேபிள், கெர்னல் எஸ்பி, யூசர்டிராப்பின் முகவரி மூன்றும் இருக்கின்றன. யூசர் அவற்றைப் படிக்கலாம், மாற்றியும் வைக்கலாம். சிக்ரிட்டர்ன் திரும்ப உள்ளே வாங்கும்போது மாற்றியதே வரும். யூசருக்குத் திரும்பும் வழியில் கெர்னல் அவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவதால் இன்று ஆபத்து இல்லை. ஆனால் அந்தத் தற்செயலை நம்பி இருக்க வேண்டாம். இபிசியும் (நிரல் நின்ற இடத்தின் முகவரி) 31 பொது ரெஜிஸ்டர்களும் போதும். 256 பைட், 16-ஆல் வகுபடும், ரிஸ்க்-வி கேட்கும் ஸ்டாக் ஒழுங்கும் கெடாது. சிக்ரிட்டர்ன், திருப்பித் தரும் மதிப்பு இருக்கும் ரெஜிஸ்டரான ஏ0-வின் பழைய மதிப்பையே திருப்பித் தர வேண்டும் என்பது அலாரம் பயிற்சியிலேயே உங்களுக்குப் பழகியிருக்கும்.

மாற்று ஸ்டாக்கின் குறைந்தபட்ச அளவு என்று 2048-ஐ லினக்ஸிலிருந்து எடுத்து வைத்திருந்தால் உங்களுக்கு அது தாராளம். இன்டெல், ஏஎம்டி செயலிகளின் எக்ஸ்86-இல் அந்த எண் பெரிய தொல்லையாகிவிட்டது. பெரிய ரெஜிஸ்டர்களைக் கொண்ட ஏவிஎக்ஸ்-512 வந்தபோது ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் பகுதி மட்டுமே 2500 பைட்டைத் தாண்டியது. அணிக் கணக்குக்கான ஏஎம்எக்ஸில் டைல் தரவு மட்டும் 8192 பைட், அதாவது "இது போதும்" என்று சொல்லிவந்த சிக்ஸ்டாக்சைஸ் முழுவதும். கடைசியில் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.34-இல் அதை மாறிலியாக இல்லாமல், ஓடும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி மாற்றினார்கள். அளவை எழுதி நிலைநிறுத்தாமல், உங்கள் ஃபிரேமின் அளவிலிருந்து கணக்கிடுங்கள்.

புரோசஸை நகலெடுக்கும் ஃபோர்க்கில் குழந்தைக்கு இந்த மாற்று ஸ்டாக் பதிவு போக வேண்டும். எக்ஸெக்கில் அழிய வேண்டும், அந்த முகவரி பழைய நிரலுடையது. முடிந்த புரோசஸின் இடத்தை விடுவிக்கும் ஃபிரீபிராக்கிலும் பூஜ்யமாக்குங்கள். எக்ஸ்வி6-இல் மொத்தமே 64 இடங்கள்தான், செத்த புரோசஸின் இடம் அடுத்ததற்குப் போகும். நீங்கள் புதிதாகச் சேர்த்த புலங்களை வேறு யாரும் துடைத்துவைக்க மாட்டார்கள்.


கெர்னல்_பழகுநர்

வேலை செய்கிறது!

ஃபிளாக்கை எடுத்துவிட்டு, எஸ்பியைப் பார்த்துச் சொல்லும் ஒரு சின்ன ஃபங்ஷனை எழுதினேன். சிக்னல் கொடுக்கும் இடம், சிக்ஆல்ட்ஸ்டாக் இரண்டுமே இப்போது அதைத்தான் கேட்கின்றன. மாற்று ஸ்டாக்கில் இருக்கும்போது அதை மாற்ற முயன்றால் மறுக்கிறது, லாங்ஜம்ப்புக்குப் பிறகு அனுமதிக்கிறது. 1000 தடவை ஸ்டாக்கைத் தீர்த்துப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் மெயினுக்குத் திரும்பி வந்தது.

ஃபிரீபிராக் விஷயத்தைச் சொன்னதற்குத் தனியாக நன்றி. ஷெல்லில் இன்னொரு நிரல், காரணமே இல்லாமல், எப்போதாவது விசித்திரமான முகவரியில் சாவதைப் பார்த்திருந்தேன். எக்ஸ்வி6-ஐ ஓட்டும் எமுலேட்டரான கியூஈஎம்யூவின் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டேன். புலங்களைத் துடைத்ததும் அது வரவில்லை.

64 பைட் அரேயை 8192 ஆக்கியும் முயன்றேன். அப்போது சிக்னலே வரவில்லை, நிரலின் குளோபல் மாறிகள்தான் கெட்டுப்போயின. எஸ்பி ஒரே தாண்டலில் காவல் பக்கத்தைக் கடந்து, அதற்குக் கீழே இருக்கும் தரவுப் பகுதிக்குள் போய்விடுகிறது. என் பார்சரில் பெரிய அரே எதுவும் இல்லை என்று ஒவ்வொரு ஃபங்ஷனாகச் சரிபார்த்துக்கொண்டேன்.

நேற்று இரவு இன்டர்பிரிட்டருக்கு 5000 அடைப்புக்குறி கொடுத்தேன். "ஆழம் அதிகம்" என்று ஒரு வரி வந்தது. அடுத்த வரியில் 1-ஐயும் 2-ஐயும் கூட்டச் சொன்னேன், 3 என்றது.