கொடுக்கச் சென்று திரும்பியவர்கள்: இரத்த தானம் செய்ய இயலாமற்போன அனுபவங்கள்

தஞ்சாவூரிலிருந்து, கல்லூரி ஆசிரியை:

இரத்த தானம் செய்தவர்கள் தம் அனுபவங்களை எழுதி நாம் நிறையவே படித்திருக்கிறோம். கொடுக்க விரும்பிச் சென்று, உடல்நிலை காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அதைப் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக முகாம்களை நடத்தி வருவதால், அப்படித் திரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்பதை நேரில் பார்க்கிறேன். நானும் அவர்களில் ஒருத்தி. ஆகவே இந்த இழையை நானே தொடங்குகிறேன்.

எங்கள் கல்லூரியில் அக்டோபர் 1, தேசியத் தன்னார்வ இரத்த தான நாளையொட்டி முகாம் நடக்கும். படிவத்தை நிரப்பி, எடையும் இரத்த அழுத்தமும் பார்த்த பிறகு, விரல் நுனியில் குத்தி மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து, மயில்துத்தக் கரைசல் உள்ள குவளையில் ஒரு சொட்டு விடுவார்கள். அந்தக் கரைசலின் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.053 என்ற அளவில் இருக்கும். நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் சொட்டு 15 விநாடிகளுக்குள் அடியில் சென்று படிந்துவிடும். என் சொட்டு பாதிவரை இறங்கி, அங்கேயே நின்று, மெல்ல மேலே எழுந்தது. கருவியில் மறுபடி பார்த்தபோது 10.4 என்று காட்டியது.

அந்த எண்ணைக் காட்டிலும், உதவிக்கு நின்றிருந்த இளைஞர் என் மாணவியர் முன்னிலையில் "மேடம், உங்களுக்கே இரத்தம் இல்லை, நீங்கள் எங்கே கொடுப்பது?" என்று உரக்கச் சொன்னதுதான் மனத்தில் தைத்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால், வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் அதைக் கேட்டவுடன் பேசாமல் விலகிச் சென்றார்கள். தமக்கும் அதே சொல் கிடைக்கும் என்ற கூச்சம் அவர்களுக்கு.

அதன் பிறகு மருத்துவரைப் பார்த்தேன். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு மிகவும் தாழ்ந்திருந்தது. ஸ்கேனில் கருப்பைக் கட்டி இருப்பது தெரிந்தது. மாதந்தோறும் கூடுதலாகப் போகும் உதிரத்தை, வயதானால் இப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் சொல்ல, நானும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டிக்குச் சிகிச்சையும் இரும்புச்சத்து மாத்திரையும் தொடங்கின. மாத்திரையை வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றுடன் சாப்பிட வேண்டும், அதையொட்டி காப்பியோ தேநீரோ கூடாது என்பதும், மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தன. ஹீமோகுளோபின் சரியான அளவுக்கு வந்த பின்னரும் சில மாதங்கள் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் வற்புறுத்திச் சொன்னார். உடலின் இருப்பு நிரம்ப வேண்டுமாம். 450 மில்லிலிட்டர் இரத்தத்தோடு ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது என்பதை அறிந்தபோது, என்னைத் திருப்பி அனுப்பியது என் நன்மைக்கே என்பது விளங்கியது.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அப்படியிருக்க, முகாமில் ஒரு பெண் திருப்பி அனுப்பப்படுவது வியப்புக்குரியதே அன்று. காரணத்தை எழுதிக் கொடுக்காமல், எந்த மருத்துவரிடம் போவது என்றும் சொல்லாமல், வெறுமனே அனுப்பிவிடுவதுதான் எனக்கு வருத்தமளிக்கிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன, எப்படிச் சொன்னார்கள், அதன் பிறகு என்ன நடந்தது என்பதை எழுதுங்கள்.

திருப்பூரிலிருந்து, பின்னலாடை நிறுவன ஊழியர்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். என்னை முகாமில் யாரும் திருப்பி அனுப்பவில்லை. இரத்தம் கொடுத்து, பிஸ்கட்டும் பழச்சாறும் சாப்பிட்டு, சான்றிதழோடு மகிழ்ச்சியாக வீடு வந்தேன். சில நாள்கள் கழித்து இரத்த வங்கியிலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்து, "ஒரு சோதனையை மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது, நேரில் வர முடியுமா?" என்றார். என்ன சோதனை என்று கேட்டேன். நேரில்தான் சொல்ல முடியும் என்றார். அன்றிரவு வீட்டில் யாரும் உறங்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு ஆலோசகர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கிறது, கொடுத்த இரத்தத்தை யாருக்கும் ஏற்றவில்லை, அழித்துவிட்டோம், இனி எப்போதும் நீங்கள் இரத்தம் கொடுக்கக் கூடாது. எனக்கு எந்த அறிகுறியும் இருந்ததில்லை. மஞ்சள் காமாலை வந்ததாக நினைவும் இல்லை. பிறக்கும்போது தாயிடமிருந்து வந்திருக்கலாம், பலருக்கு அப்படித்தான் வருகிறது, கிருமி உடலில் பல்லாண்டுகள் பேசாமல் இருக்கும் என்று அவர் விளக்கினார்.

வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்களுடன் வசித்த உறவினர் ஒருவர் என் டம்ளரின் அடியில் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்து, அதை அலமாரியில் தனியே ஒதுக்கினார். என் தட்டை வேறு துணியால் துடைத்தார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. என் மனைவிதான் அவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, சேர்ந்து உண்பதாலோ கையைத் தொடுவதாலோ இந்தக் கிருமி பரவாது, இரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும் தாயிடமிருந்து பிள்ளைக்கும்தான் பரவும், சவரக் கத்தியையும் பல் துலக்கும் தூரிகையையும் மட்டும் தனியாக வைத்துக்கொண்டால் போதும் என்று மருத்துவரின் வாயாலேயே கேட்கவைத்தாள். அன்று மாலையே அந்தப் பொட்டைத் தேய்த்து அழித்தார்.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சோதனை செய்தார்கள், தொற்று இல்லை. மனைவிக்கு மூன்று தவணைத் தடுப்பூசி போடப்பட்டது. பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவத்திலேயே போட்டிருந்தோம். என் அண்ணனுக்கும் சோதனை செய்யச் சொன்னேன். அவருக்கும் கிருமி இருந்தது. கல்லீரலில் பாதிப்பு தொடங்கியிருந்தது. இப்போது அரசு மருத்துவமனையில் தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அவருக்கு அந்தக் கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. எனக்கு இன்னும் மருந்து தேவைப்படவில்லை; ஆறு மாதங்களுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துகொள்கிறேன்.

நண்பர்கள் அவசரத்துக்கு ஒரு யூனிட் இரத்தம் வேண்டும் என்று அழைக்கும்போது மட்டும் மனம் கனக்கிறது. ஆனால், அன்று அந்தப் பெண்மணி என்னைத் தொலைபேசியில் அழைக்காமல் விட்டிருந்தால் என் அண்ணனுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற இரத்த வங்கி ஆய்வக நுட்புநர்:

திருப்பூர்த் தம்பி எழுதியதைப் படித்து மனம் நெகிழ்ந்தேன். தம்பி, உங்களை நேரில் வரச் சொல்லி அழைத்த அந்தப் பெண்மணி தம் கடமையைச் செவ்வனே செய்திருக்கிறார். கொடுத்தவருக்கு முடிவைத் தெரிவிப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு நம் மாநிலத்திலேயே துயரமான சான்று உண்டு. 2018 டிசம்பரில், விருதுநகர் மாவட்டத்தில் கருவுற்றிருந்த பெண் ஒருவருக்கு ஏற்றிய இரத்தத்தால் எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டது. இரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தவுடன் தாமே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். பின்னர் அவர் உயிரிழந்தார். அந்த இளைஞரைப் பழித்தவர்கள் இருந்தார்கள். அவர் பேசாமல் இருந்திருந்தால் அந்தத் தாய்க்கும் வயிற்றிலிருந்த குழந்தைக்கும் உரிய நேரத்தில் மருந்து கிடைத்திருக்காது என்பதை நான் இன்றும் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

இந்தியாவில் ஒவ்வொரு யூனிட்டிலும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, மேகநோய் (சிஃபிலிஸ்), மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதனை செய்வது கட்டாயம். எனினும் தொற்று நுழைந்த முதல் சில நாள்களில் எந்தச் சோதனையிலும் அது பிடிபடாமல் போகலாம். படிவத்தில் அத்தனை கேள்விகள் இருப்பது அதனால்தான். "கொஞ்சம் பார்த்து விடுங்கள் சார், நண்பனின் அம்மாவுக்கு ஆபரேஷன்" என்று என்னிடம் கெஞ்சியவர்கள் பலர். அவர்களிடம் நான் சொன்னது ஒன்றுதான்: அந்த அம்மாவின் உடலில்தானே இது ஏறப் போகிறது?

தேவையில்லாமல் தாமாகவே ஒதுங்கிவிடுகிறவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். எனக்கு அதுவே பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கொடுக்கவே கூடாது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அழுத்தம் மேலே 100 முதல் 140, கீழே 60 முதல் 90 என்ற அளவுக்குள் கட்டுப்பாட்டில் இருந்து, கடந்த நான்கு வாரங்களில் மருந்து மாறாமல், வேறு உறுப்புகளில் பாதிப்பு இல்லாமல் இருந்தால் கொடுக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே விதிதான். இன்சுலின் போடுகிறவர்களிடம் எடுப்பதில்லை. டெங்கு குணமாகி ஆறு மாதங்கள், மலேரியா குணமாகி மூன்று மாதங்கள், காசநோய் முற்றிலும் குணமானது உறுதியாகி இரண்டு ஆண்டுகள், நாய் கடித்துத் தடுப்பூசி போட்டால் ஓராண்டு, பச்சை குத்தினால் ஓராண்டு என்று பெரும்பாலான தடைகள் தற்காலிகமானவை. குறைந்தது 45 கிலோ எடை வேண்டும். ஆண்கள் 90 நாள்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாள்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். திருப்பி அனுப்பும்போது "இந்த மாதத்துக்குப் பிறகு வாருங்கள்" என்று தேதி எழுதிய துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தால், வருகிறவர் நிச்சயம் மறுபடி வருவார். பணியில் இருந்தவரை நான் அப்படித்தான் செய்தேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்:

சிறு வயதிலிருந்தே எனக்கு வலிப்பு நோய் உண்டு. மாத்திரையால் முழுக்கக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எவ்வளவு சொல்லியும் மருத்துவர் மறுத்துவிட்டார். இரத்தம் எடுக்கும்போது சிலருக்கு மயக்கம் வரும், உங்களுக்கு அது வலிப்பில் போய் முடியக்கூடும் என்றார். நிரந்தரத் தடை என்று படிவத்தில் எழுதினார். இப்போது எங்கள் பகுதியில் கொடுக்கக்கூடியவர்களின் பெயர், இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, அழைப்பு வந்தால் தொடர்புபடுத்திவிடுகிறேன். ஓ நெகட்டிவ் தேடி இரவில் வரும் அழைப்புகளை நான் தவறவிடுவதில்லை.

இலண்டனிலிருந்து, இரண்டு பிள்ளைகளின் தாய்:

எனக்கு மகப்பேற்றின்போது உதிரப்போக்கு மிகுதியாகி இரத்தம் ஏற்றினார்கள். உடல் தேறியதும் கைம்மாறாகக் கொடுக்க வேண்டும் என்று விண்ணப்பித்தேன். 1980 ஜனவரி 1க்குப் பிறகு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் இந்த நாட்டில் கொடுக்க முடியாது என்றார்கள். மாட்டு மூளை நோயோடு தொடர்புடைய சிஜேடி என்ற மூளைச் சிதைவு நோய் இரத்தத்தின் வழியே பரவக்கூடும் என்ற அச்சத்தால் வந்த விதி. இந்தியாவில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஓராண்டுத் தடை மட்டுமே என்பதால், ஊரிலிருக்கும் அம்மாவுக்கு இதைப் புரியவைக்க நெடுநேரம் ஆயிற்று. உனக்கு ஏதோ பெரிய நோய், மறைக்கிறாய் என்று அழுதார். என் சார்பில் என் தம்பி ஊரில் கொடுத்து வருகிறான்.

சேலத்திலிருந்து, தலசீமியா குழந்தையின் தாய்:

தஞ்சாவூர் அக்கா எழுதியதைப் படித்தவுடன் இதை எழுதத் தோன்றியது. எனக்கும் ஹீமோகுளோபின் எப்போதும் பத்து, பத்தரைதான். பள்ளி நாளிலிருந்து இரும்பு மாத்திரை தின்றிருக்கிறேன், ஏறவே இல்லை. கீரை சாப்பிடவில்லை, முருங்கை சாப்பிடவில்லை என்று என்னைத்தான் குறை சொன்னார்கள். என் மகனுக்கு ஏழாவது மாதத்தில் முகம் வெளிறி, வயிறு உப்பி, பால் குடிக்காமல் சோர்ந்துபோனபோதுதான் காரணம் தெரிந்தது. நானும் என் கணவரும் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள். எங்களுக்கு நோய் இல்லை. இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் முழு நோய் வரும். அவனுக்கு வந்துவிட்டது.

மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அவனுக்கு இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய அன்று மாலையே தெருவில் ஓடி விளையாடுவான். மூன்றாவது வாரம் நெருங்கும்போது மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவான். இத்தனை இரத்தத்தோடு சேரும் இரும்பை உடலிலிருந்து வெளியேற்ற நாள்தோறும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை வேறு. பெற்ற பிள்ளைக்காகவாவது யூனிட் கொடுப்போம் என்று நான் போய் நின்றபோது, என் ஹீமோகுளோபினைப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டார்கள். நெருங்கிய உறவினரின் இரத்தம் பொதுவாகவே நல்லதன்று என்றும் மருத்துவர் சொன்னார். அன்று நான் அழுததற்குக் கணக்கில்லை. பெயர் தெரியாத யாரோ கொடுக்கும் இரத்தத்தில்தான் என் மகன் பள்ளிக்குப் போகிறான். அதைக் கொடுப்பவர் படிவத்தில் எதையும் மறைக்காமல் எழுதியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வேண்டிக்கொள்கிறேன். ஆகவே, கொடுக்க முடியாது என்று உண்மையைச் சொல்லித் திரும்பிச் செல்கிறவர்களும் என் மகனைக் காப்பவர்களே.

அக்கா, உங்கள் மாணவியரில் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாதவர்கள் இருந்தால், தயவுசெய்து எச்.பி.எல்.சி. என்ற இரத்தப் பரிசோதனை முறையில் ஹீமோகுளோபின் ஏ2 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்; தலசீமியா மரபணுவைச் சுமப்பவரா என்பதை அது காட்டும். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். திருமணத்துக்கு முன் பார்ப்பது மிகவும் நல்லது. இல்லையென்றால் கருவுற்ற தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும். என் தங்கைக்குப் பார்த்தோம். அவளும் சுமப்பவள் என்று வந்தது. அம்மா அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவே கூடாது என்றார். நானே போய் என் மகனின் மருத்துவக் கோப்பைக் காட்டிச் சொன்னேன். மாப்பிள்ளை மறுநாளே பரிசோதித்துக்கொண்டார், அவருக்கு இல்லை. தை மாதம் திருமணம் வைத்திருக்கிறோம்.