87-ஆ, 93-ஆ? கேஸ் ஸ்டேஷனில் எந்தப் பொத்தானை அழுத்துவது

"அண்ணா, டாலஸ் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. 2014 காம்ரி ஒன்று வாங்கியிருக்கிறேன், நாலு சிலிண்டர். கேஸ் ஸ்டேஷனில் 87, 89, 93 என்று மூன்று பொத்தான் இருக்கிறது. ரூம்மேட், 'பழைய வண்டி, மாசம் ஒரு தடவையாவது 93 போடு, இன்ஜின் சுத்தமாகும்' என்கிறான். எதைப் போடுவது?"

தம்பி, 87 போடுங்கள். உங்கள் காம்ரிக்கு டொயோட்டா கேட்பது அதைத்தான். 93 போட்டால் வண்டிக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, பர்ஸுக்குத்தான்.

ரூம்மேட்டைக் குறை சொல்லவும் முடியாது. ஊர் பங்க்கில் வண்டியை நிறுத்தியதுமே "பவர் போடட்டுமா சார்?" என்று கேட்டுக் கேட்டு, விலை கூடின பெட்ரோல் என்றால் வண்டிக்கு ஏதோ சத்து மருந்து என்று நம் மண்டையில் ஏறிவிட்டது. அந்த எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்வதே இல்லை. ஒரு கேலன் 87-இலும் ஒரு கேலன் 93-இலும் இருக்கும் எரிசக்தி ஏறக்குறைய ஒன்றுதான்.

பிறகு எண் எதற்கு? சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் அமுக்கப்படும்போது சூடு ஏறும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள் மிச்சக் கலவை அந்தச் சூட்டில் தானாக வெடித்தால் இன்ஜினில் டக டகவென்று சத்தம் வரும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். அப்படி வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதுதான் ஆக்டேன் எண். டர்போ உள்ள இன்ஜின், அதிக கம்ப்ரெஷன் உள்ள இன்ஜின் இவற்றில் அழுத்தம் கூடுதல், அதனால் தாக்குப்பிடிக்கிற பெட்ரோல் வேண்டும். உங்கள் காம்ரி அவ்வளவு அமுக்குவதில்லை. அதற்கு 93-இன் கூடுதல் பொறுமை பயன்படவே வாய்ப்பில்லை.

ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2016-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. 87-க்கென வடிவமைத்த நாலு சிலிண்டர், ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் இன்ஜின்களில் பிரீமியம், அதாவது எண் கூடின விலை கூடின பெட்ரோல், ஊற்றியும் வேகம், மைலேஜ், புகை எதிலும் சொல்லிக்கொள்ளும்படி லாபம் இல்லை. அமெரிக்கர்கள் இப்படித் தேவையில்லாமல் பிரீமியம் போட்டு ஆண்டுக்கு 210 கோடி டாலருக்கு மேல் வீணாக்குகிறார்கள் என்றும் கணக்குச் சொன்னது.

இன்ஜின் சுத்தம் என்பது வேறு விஷயம். அழுக்குப் படியாமல் பார்த்துக்கொள்வது பெட்ரோலில் கலக்கும் டிடர்ஜென்ட், ஆக்டேன் அல்ல. இதற்கென்று டாப் டியர் என்று ஒரு தரம் இருக்கிறது. பிஎம்டபிள்யூ, ஜிஎம், ஹோண்டா, டொயோட்டா நான்கும் சேர்ந்து 2004-இல் கொண்டுவந்தது. அந்த முத்திரை வாங்கிய பங்க்கில் 87-லும் அந்த டிடர்ஜென்ட் இருந்தாக வேண்டும். ஏஏஏ சோதனையில் டாப் டியர் அல்லாத பெட்ரோல் இன்டேக் வால்வில் 19 மடங்கு கூடுதல் படிவை விட்டது. ரூம்மேட்டின் கவலை உண்மையிலேயே சுத்தம்தான் என்றால், டாப் டியர் பங்க்கில் 87 போடுங்கள். காஸ்ட்கோ கடையின் பங்க்கும் டாப் டியர்தான், மெம்பர்ஷிப் இருந்தால் அங்கேயே போட்டுக்கொள்ளலாம். வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இனி மற்றவர்களுக்கும் சேர்த்து. பெட்ரோல் மூடியின் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கும். இல்லாவிட்டால் மேனுவலில் இருக்கும். அங்கே ஒன்றுமே எழுதவில்லை, அல்லது 87 என்று இருக்கிறது என்றால் பேச்சே இல்லை. 'பிரீமியம் ரெக்கொயர்ட்' அல்லது 'பிரீமியம் ஒன்லி' என்று இருந்தால் 91-க்குக் குறையாமல் போடுங்கள், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். இந்தக் காலத்து வண்டிகளில் நாக் சென்சார் இருக்கிறது, நாக்கிங் வந்தால் கம்ப்யூட்டர் பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளிவைத்துச் சமாளிக்கும். ஆனால் பிக்கப்பும் மைலேஜும் குறையும். கோடை வெயிலில், மேட்டில், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு தொடர்ந்து ஓட்டினால் சென்சாரும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது.

நடுவில் இருப்பது 'ரெக்கமெண்டட்'. எல்லோரும் குழம்பும் இடம் இதுதான். மாஸ்டாவின் 2.5 லிட்டர் டர்போவை எடுத்துக்கொள்ளுங்கள். 93 போட்டால் 250 குதிரைசக்தி, 87 போட்டால் 227 என்று கம்பெனியே சொல்லி விற்றது. (பிந்தைய மாடல்களில் 93-க்கான எண் கொஞ்சம் கூடியிருக்கிறது.) இரண்டிலும் ஓடும். அந்த 23 குதிரைக்காக ஒவ்வொரு கேலனுக்கும் கூடுதல் காசு கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம். குழந்தையை டேகேரில் விட்டுவிட்டு ஆபீஸ் போகிற வண்டி என்றால் நான் 87-தான் போடுவேன். டர்போ என்றாலே பிரீமியம் என்றும் நினைக்க வேண்டாம். ஹோண்டா சிஆர்-வியின் 1.5 டர்போவுக்கு 87 போதும்.

வண்டி வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய விஷயமும் இது. வந்த புதிதில், "ஊர் விலைக்குப் பார்த்தால் சல்லிசு" என்று பழைய பிஎம்டபிள்யூ, ஆடி மேல் ஆசை வருவது சகஜம். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அவை பெரும்பாலும் பிரீமியம் கேட்பவை, அதனால் கணக்கை மட்டும் போட்டுவிடுங்கள். வருடம் 12,000 மைல், கேலனுக்கு 25 மைல் என்றால் 480 கேலன். பல ஊர்களில் 87-க்கும் பிரீமியத்துக்கும் கேலனுக்கு 80 சென்ட்டுக்குக் குறையாத வித்தியாசம். ஆக வருடத்துக்கு 400 டாலர் பக்கம் பெட்ரோல் வகைக்கு மட்டும் கூடுதலாகப் போகும். இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் தனி. மாடல்வாரியாக எந்தப் பெட்ரோல் என்று ஃபியூயல்எகானமி டாட் காவ் என்ற அரசுத் தளத்தில் இருக்கிறது. டீலரைக் கேட்பதைவிட அது மேல்.

"அண்ணை, நான் டொராண்டோவில இருக்கிறன். கொழும்பில 92, 95 எண்டுதான் அடிச்சுப் பழக்கம். இஞ்ச 87 எண்டு போட்டிருக்கு, இது அதைவிடக் குறைஞ்ச பெற்றோலோ?"

இல்லை தம்பி, அளவுகோல்தான் வேறு. இலங்கையிலும் இந்தியாவிலும் எழுதுவது ரான் எண். அமெரிக்காவிலும் கனடாவிலும் ரான், மான் என்ற இரண்டு சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள். மான் சோதனை கடுமையானது, எண் குறைவாக வரும், அதனால் சராசரியும் இறங்கிவிடும். தோராயமாக நாலைந்து கூட்டிக்கொள்ளுங்கள். இங்கத்து 87 கொழும்பு 92-க்குப் பக்கம், இங்கத்து 91 கொழும்பு 95-க்குப் பக்கம். இந்தியாவில் எக்ஸ்பி95 பெட்ரோல் போட்டுப் பழகியவர்களுக்கும் இதே கணக்குதான். உங்கள் பக்கம் பெட்ரோ-கனடாவில் 94 என்றும் ஒன்று இருக்கும். கொரோலாவுக்கு அது எதற்கு?

டென்வர் நண்பர் ஒருவர் 85 போடலாமா என்று கேட்டிருந்தார். கொலராடோ மாதிரி உயரமான இடங்களில் காற்று மெலிசு, சிலிண்டருக்குள் அழுத்தம் குறையும், அதனால் அந்தக் காலத்து கார்புரேட்டர் வண்டிகளுக்கு 85 போதுமாக இருந்தது. அந்தப் பழக்கம் இன்னும் தொடர்கிறது. இப்போதைய வண்டிகளின் மேனுவல் பெரும்பாலும் 87-க்குக் குறையாமல் கேட்கிறது. அங்கே நடுப் பொத்தான்தான் 87 ஆக இருக்கும், அதை அழுத்துங்கள்.

இதனால்தான் பொத்தானின் இடத்தையும் 'ரெகுலர்' என்ற பெயரையும் நம்பக்கூடாது என்கிறேன். மஞ்சள் ஸ்டிக்கரில் எண் இருக்கும், சட்டப்படி இருந்தாக வேண்டும், அதைப் பாருங்கள். 89 என்பது பல பங்க்குகளில் 87-ஐயும் பிரீமியத்தையும் பம்பிலேயே கலந்து தருவதுதான். மேனுவல் 89 கேட்டாலொழிய தேவையில்லை. 88 என்று மலிவாக ஒன்று இருந்தால் அதில் 15 விழுக்காடு எத்தனால். 2001-க்குப் பிந்தைய கார்களுக்கு அரசு அனுமதி உண்டு, ஆனாலும் உங்கள் மேனுவல் 10 விழுக்காடு வரைதான் என்றால் அதோடு நில்லுங்கள். எத்தனால் மிக அதிகம் கலந்த இ85-ஐ, அதற்கென்றே செய்த ஃபிளெக்ஸ் ஃபியூயல் வண்டி தவிர வேறெதிலும் ஊற்றக்கூடாது. டீசல் கைப்பிடி பல இடங்களில் பச்சையாக இருக்கும். ஆனால் பிபி பங்க்கில் பெட்ரோலே பச்சை. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நியூ ஜெர்சிக்காரர்களுக்கு இந்தப் பொத்தான் தொல்லை இல்லை, அங்கே நாமே போட்டுக்கொள்ள அனுமதி கிடையாது. ஆள் வந்து கேட்பார், "ரெகுலர், ஃபில் இட் அப்" என்றால் போதும். அட்டைக்கும் ரொக்கத்துக்கும் விலை வேறாக இருக்கும், போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே திருப்புங்கள்.

கடைசியாக வந்த கேள்வி: பிரீமியம் கேட்கிற வண்டியில் தெரியாமல் 87 நிரப்பிவிட்டால்? டேங்கைக் காலி செய்ய வேண்டாம், டீசல் ஊற்றினால்தான் அந்த வேலை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் நிதானமாக ஓட்டுங்கள், கால் டேங்க் குறைந்ததும் 93 ஊற்றிக் கலந்துவிடுங்கள். டக டக சத்தம் விடாமல் கேட்டாலோ, செக் இன்ஜின் விளக்கு மினுக்கினாலோ மட்டும் ஓரங்கட்டி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். விளக்கு மினுக்காமல் சும்மா எரிந்தால் முதலில் பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகினீர்களா என்று பாருங்கள், பல தடவை அதுதான் காரணம். மூடியை இறுக்கினாலும் விளக்கு உடனே அணையாது, கொஞ்சம் ஓட்டிய பிறகுதான் அணையும்.