குஷால் கான் கட்டக்: விடுதலை வீரரா, பதவி போன கோபமா?

கேள்வி (தூங்காமூஞ்சி):
ஔரங்கசீப் பத்தி எதையோ தேடப்போய் குஷால் கான் கட்டக்னு ஒரு பஷ்தோ (பஷ்தூன் மக்கள் பேசுற மொழி) கவிஞர் பேர் மாட்டுச்சு. 1613ல பொறந்தவர், பெஷாவர் பக்கம் அகோரா ஊரு, கட்டக் கூட்டத்துக்குத் தலைவர். ஒரு எடத்துல முகலாயர எதிர்த்த மாவீரன்னு போட்ருக்கான், இன்னொரு எடத்துல ஷாஜகான்கிட்ட மன்சப்தாரா, அதாவது முகலாயர் மன்சப்ங்கிற பதவி குடுத்த அதிகாரியா இருந்தார்னு போட்ருக்கான். ரெண்டும் எப்படிங்க ஒரே ஆளு? படிக்க எதுல ஆரம்பிக்கலாம்?

பதில் (பழையபேப்பர்):
ரெண்டுமே நெசந்தான். அவங்க கொள்ளுத்தாத்தா அகோரைக்கு அக்பர்தான் அட்டக் பெஷாவர் ரோட்டுக் காவலும் சுங்க வசூலும் குடுத்தாரு, அதுலேந்து பரம்பரையா முகலாய விசுவாசம். அப்பா 1641ல யூசுப்ஸாய்ங்கிற இன்னொரு பஷ்தூன் கூட்டத்தோட சண்டையில செத்ததும் இவரு பொறுப்புக்கு வர்றாரு. ஔரங்கசீப் காலத்துல 1664ல பெஷாவருக்கு வரச்சொல்லி விலங்கு மாட்டி, ராஜஸ்தான்ல ரன்தம்போர் கோட்டையில கொண்டுபோய் அடைச்சிட்டாங்க. வெளிய வந்து கொஞ்ச வருசத்துல, 1672ல ஐமல் கான் மொமந்த், தரியா கான் அஃப்ரீதின்னு ரெண்டு பஷ்தூன் தலைவருங்க கைபர் கணவாயில முகலாயப் படைய நொறுக்குனாங்கல்ல, அவங்களோட சேந்துட்டாரு. அப்ப வயசு அறுபதுக்குப் பக்கம்!

பதில் (சும்மாபோறவன்):
அப்போ உள்ள தூக்கிப் போடலன்னா கடைசிவரை சலாம் போட்டுட்டே இருந்திருப்பாரு, அவ்ளோதான? இதுக்குப் பேரு வீரமா பாஸ்?

பதில் (பழையபேப்பர்):
இருந்திருக்கலாம். ஆனா அந்த ஆளு இத ஒளிக்கல, முகலாயர் உப்பத் தின்னவன்தான்னு பாட்டுலயே சொல்றாரு, அதனாலதான் எனக்கு அவரப் புடிக்கும். முகலாயர விட சொந்த சனத்தத்தான் அதிகமா திட்டிருப்பாரு, மன்சப் குடுத்தா பின்னாடியே ஓடுறீங்களே, ஒத்துமையே இல்லையேன்னு. அந்த ருசி தெரிஞ்சவன் திட்டுற திட்டு அது, வெளிய நின்னு பாத்தவனுக்கு அப்படி வராது. கடைசில பெத்த மகன் பஹ்ராமே முகலாயர் பக்கம் போயிட்டான், இதுக்கு மேல என்ன சொல்ல.

ஜெயில்ல எழுதுன ஃபிராக்நாமாவுல ஆரம்பிங்க, ஊர் ஏக்கம் பூரா அதுல இருக்கு. தஸ்தார்நாமாவும் அங்க எழுதுனதுதான், தலைப்பாகை கட்டுறவன் ஆயிரம் பேரு, அதுக்குத் தகுதியானவன் விரல்விட்டு எண்ணலாம்ங்கிறது அவரு பேச்சு. ராஜாளி வளக்குறதப் பத்தி தனியா ஒரு பாஸ்நாமாவே எழுதிருக்காரு, வேட்டைன்னா அப்படி ஒரு பைத்தியம். ராவர்ட்டின்னு ஒரு வெள்ளக்காரர் 1862ல இங்கிலீஷ்ல மொழிபெயர்த்த பஷ்தோ கவிதைத் தொகுப்பு இருக்கு, மொழி கொஞ்சம் கரடுமுரடு, பரவால்ல.

பதில் (கடைசிபெஞ்ச்):
அவரு சாகும்போது சொன்னத யாரும் சொல்லலையே? 1689ல அஃப்ரீதி மலைப்பக்கம் செத்தாரு, முகலாயக் குதிரைங்க குளம்புத் தூசிகூட என் சமாதில படக்கூடாது, அப்படி ஒரு எடத்துல பொதைங்கன்னாராம். கவிஞர் இக்பால் உருதுல அத வச்சே ஒரு கவிதை எழுதிருக்காரு. அரசியல் ஒத்துக்காதுன்னா ரஹ்மான் பாபா பக்கம் போங்க, அவரும் பஷ்தோ கவிஞர்தான், சூஃபி, இவருக்கு அடுத்த தலைமுறை. 2009ல அவரு தர்காவுக்கே குண்டு வச்சானுங்க.

கேள்வி கேட்டவர் (தூங்காமூஞ்சி):
நன்றிங்க எல்லாருக்கும். ரன்தம்போருக்கு நான் புலி பாக்கப் போயிருக்கேன், அந்தக் கோட்டைமேல ஏறி போட்டோல்லாம் எடுத்தேன், கூட வந்த கைடு ராஜா கதையா சொன்னாரு, இவரு பேர வாயத் தொறக்கல. புலியும் வரல.